கிராமத்துக் குடும்பத்தின் கணக்கும் சர்க்காரின் கல்விக் கொள்கையும்

கல்வி வந்தால் வறுமை போகும் என்பது நம் நாட்டில் மறுப்பாரில்லாத வாக்கியமாகிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் தலைமை வகிப்பவர் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நிதி மந்திரி வரையில் அதனைச் சொல்லாதவர் இல்லை. கேட்டுக் கைதட்டாதவரும் இல்லை. ஆனால் எந்தக் கல்வி, எவருடைய வறுமையை, எந்த வழியாக, எத்தனை தலைமுறைக்குள் போக்கிற்று என்று விசாரிக்கப் புகுந்தால், காரியம் நாம் நினைத்த அளவுக்கு எளிதன்று என்பது புலப்படும். சர்க்கார் வகுக்கும் கல்விக் கொள்கை, சட்டமாகவும் அரசாணையாகவும் சுற்றறிக்கையாகவும் படிப்படியாக இறங்கி, கடைசியில் வானம் பார்த்த பூமியில் குடியிருக்கும் ஒரு கூலிக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கிறது. அங்கே அக்குடும்பத்துப் பெண், தான் எழுத்தறியாதவளாயினும், அக்கொள்கையை எடைபோடத் தன் மனத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்குக் குறைவது எவ்வளவு, வேலைக்கு அனுப்பினால் வாரக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு, படித்து முடித்தபின் வரும் என்கிறார்களே அந்த லாபம் வரும்வரையில் அடுப்பு எரிவது எதனால் என்பதே அக்கணக்கு. இந்தக் கணக்கைத் தொட்டு மாற்றிய கொள்கைகள் கிராமாந்தரங்களில் ஜீவன நிலையை உயர்த்தின. அதனைத் தொடாமல் உபதேசம் மட்டும் செய்தவை காகிதத்தோடு நின்றன என்பது என் துணிபு. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களைப் பெரும்பாலும் உதாரணமாகக்கொண்டு, இந்தப் பிரச்சினையின் நெடிய வரலாற்றை இங்கே ஒருவாறு பரிசீலிக்கலாம்.

இக்கணக்கைச் சர்க்கார் அறியாமல் இருந்ததில்லை. 1822ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, தம் ஆளுகைக்குட்பட்ட ஜில்லாக்களில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் எவர் படிக்கின்றனர் என்று கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த கணக்கின்படி பள்ளிகள் 12,498. ஜனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம். அதாவது ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த எண்ணிக்கையைப் பாராட்டிப் பேசுவோரும் உளர், குறைத்துப் பேசுவோரும் உளர். எனக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது, பெல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கையில் கண்ட ஒரு செய்தி. முன்பு பள்ளிகள் இருந்த கிராமங்கள் பலவற்றில் அப்போது பள்ளிகள் இல்லை. நாடு வரவர ஏழையானதே அதற்குக் காரணம். நடுத்தர, கீழ்த்தரக் குடும்பங்கள் பள்ளிச் செலவைத் தாங்கமாட்டாமல், பிள்ளைகளின் பிஞ்சுக் கைகால்கள் சிறு வேலைக்குப் பயன்படும் பருவம் வந்தவுடனே அவர்களை உழைப்புக்கு அனுப்பவேண்டியிருந்தது என்று அவர் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு கும்பினியின் உத்தியோகஸ்தர் ஒருவர் கண்டு சொன்ன இந்தக் காரணத்தைப் பின்வந்த கொள்கை வகுப்போர் பலர் மறந்துவிட்டனர். 1835இல் மெக்காலே வகுத்த முறை மேல்தட்டினருக்கு இங்கிலீஷ் கற்பித்தால் அறிவு தானே கீழே சொட்டும் என்று நம்பிற்று. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், விரும்பும் ஸ்தல ஸ்தாபனங்கள் தத்தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியை நடத்தலாம் என்று அனுமதி தந்தது. விருப்பமும் பணமும் ஒருங்கே உடைய ஸ்தாபனங்கள் சிலவே. சுதந்திரத்துக்குப்பின் எடுத்த 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ் ஜில்லாக்களில் எழுத்தறிந்தோர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே.

அந்நிலையில் 1953ஆம் ஆண்டு ராஜாஜி மந்திரி சபை கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திருத்திய திட்டத்தை அமல்படுத்திற்று. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்படும்; ஒரே கட்டடத்தில் ஒரே ஆசிரியர் ஒரு வேளை ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கும் மறுவேளை மற்றொரு பகுதிப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்வார்; மிச்ச நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலையோ ஊரில் நடக்கும் வேறொரு தொழிலையோ பழகிக்கொள்ளும். கையில் பணமில்லாத சர்க்கார், இருக்கிற பள்ளியைக்கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியதில் ஒரு சிக்கனப் புத்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் இது குலக்கல்வித் திட்டமே என்று பெயரிட்டுத் திராவிட இயக்கத்தார் எதிர்த்தனர்; காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது; 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. சாதி பற்றிய ஆட்சேபம், வலுவுடையதாயினும், எல்லோரும் அறிந்தது. பொருளாதார ஆட்சேபம் ஒன்று உண்டு; அதனைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. தச்சனுக்கும் குயவனுக்கும் நெசவாளிக்கும் மகனுக்குக் கற்பிக்க ஒரு தொழில் உண்டு. நிலமற்ற கூலிக்காரன் வீட்டில் அப்படிச் சொல்லத்தக்க தொழில் எது? அந்தப் பிள்ளை பழகக்கூடியது ஆடு மேய்ப்பதும் களையெடுப்பதும் சுள்ளி பொறுக்குவதும். அதற்காகச் சர்க்கார் அரை நாள் விடுமுறை தரவேண்டியதில்லை. வறுமை அவனுக்கு முழு நாள் விடுமுறையே தந்துகொண்டிருந்தது.

காமராஜர் ஆட்சி 1954 முதல் 1963 வரையில் செய்த காரியத்தின் விசேஷம், குடும்பக் கணக்கின் செலவுப் பத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சர்க்காரின் பேரேட்டில் எழுதிக்கொண்டதுதான். முதலாவது தூரம். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும் என்பது நோக்கமாயிற்று. அதனை நிறைவேற்ற, கட்டடமில்லாத ஊரில் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் மரத்தடியிலும்கூட ஓராசிரியர் பள்ளிகள் தோன்றின. படித்துவிட்டு உத்தியோகமின்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் அவற்றில் ஆசிரியராயினர். 1955இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஓய்வூதியம் உண்டென்று ஏற்பட்டபின், அந்த உத்தியோகத்துக்குச் சிறிது கௌரவமும் வந்தது. இரண்டாவது பள்ளிச் சம்பளம். அது படிப்படியாகக் குறைந்து, 1960களில் உயர்நிலைப் பள்ளி வரையில் ரத்தாயிற்று. மூன்றாவது வயிறு. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊரார் தந்த அரிசியையும் காய்கறியையும் நம்பியே நடந்தது. பின்னர் சர்க்கார் மானியமும், 1961 முதல் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு அனுப்பிய பால்பொடியும் எண்ணெயும் சேர்ந்தன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கிணறும் நிலமுமாக ஊரார் அள்ளிக் கொடுத்தனர். பள்ளிக்கூடம் தங்களுடையது என்ற எண்ணம் அக்காலத்துக் கிராமத்தில் இருந்தது என்பதற்கு அம்மாநாடுகள் சாட்சி. அந்த எண்ணம் பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதை ஏளனம் செய்தவர் அன்றும் இருந்தனர். 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கியபோது அவர்கள் தொகை பன்மடங்காயிற்று. கஜானாவைக் காலி செய்யும் காரியம், ஓட்டுக்கான உபாயம் என்றெல்லாம் பேசினர். உபாயமாகவே இருக்கட்டும், அந்தச் சோற்றின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு மையத்திலும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். இவ்வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. அதுவரையில் கரும்பு வெட்டவும் கல் சுமக்கவும் போன பெண், மாதந்தோறும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவளாகத் தன் ஊரிலேயே, தன் பிள்ளை படிக்கும் பள்ளியிலேயே நின்றாள். பதிவேட்டில் பிள்ளைகளின் தலையை எண்ணி எழுதுவது அவள் அலுவல் ஆகையால், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பவளும் அவளே. 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, வாரத்துக்கு ஒன்றாகி, மூன்றாகி, 2010 முதல் பள்ளி நாள்தோறும் ஒன்றாயிற்று. கோழிப்பண்ணை நிறைந்த நாமக்கல் வட்டாரத்துக்கு அது ஒரு நிலையான சந்தை. மாமிசம் வாங்க வகையற்ற வீட்டுப் பிள்ளைக்கோ நாள்தோறும் உறுதியாகக் கிடைக்கும் புரதம். ஆதிதிராவிடப் பெண் சமைத்த சோற்றைத் தம் பிள்ளை உண்ணலாகாது என்று தடுத்த பெற்றோரும் சில ஊர்களில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். எனினும் வரிசையாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்ட பிள்ளைகள் லட்சக்கணக்கானோர். இகழப்பட்ட அந்தத் திட்டத்தை முன்மாதிரியாக வைத்தே, 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியிருக்கிறது. வேலைக்குப் போகும் தாய் விடியுமுன் உலை வைக்காமல் புறப்படலாம் என்ற அளவுக்கு அக்கணக்கில் மற்றொரு பத்தி அடிபட்டது.

உணவு இருந்தும் பிள்ளை வராத பிரதேசம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் விடியற்காலை இருளிலேயே தீப்பெட்டி ஆபீஸின் வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். அங்கே அவர்களுக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று கட்டை அடுக்குவது. சட்டங்களின் வரிப் பள்ளங்களில் தீக்குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக வைத்து, ஒரு கட்டை நிரம்பினால் அதற்கு இவ்வளவு என்று கூலி. சிறு விரல்களுக்கு வேகம் அதிகம் என்பது ஆபீஸ்காரர் கட்சி. பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது அடையும்வரையில் பிள்ளை போயாகவேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் வீட்டுக்குள் வரும் ரொக்கம் அந்தப் பிள்ளையின் கூலி ஒன்றே என்றால், எந்த உபதேசம் அதன் எதிரில் நிற்கும்? 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1988இல் தேசியத் திட்டத்தின் கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் வந்தன, 1994இல் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றிற்று, 1996இல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றும், அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கார் வேலை தரவேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பிள்ளைக்குப் பதில் பெரியவருக்கு வேலை என்ற இந்த ஏற்பாட்டில்தான் நீதிமன்றம் குடும்பக் கணக்கைப் புரிந்துகொண்டது தெரிகிறது. கட்டாயக் கல்வியை உறுதியாக அமல்படுத்தாத தேசம் குழந்தை உழைப்பை ஒழிக்க முடியாது என்று மைரன் வீனர் என்னும் அமெரிக்க அறிஞர் 1991இல் இந்தியாவைப்பற்றி எழுதினார். அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் கரிசல் காட்டில் வண்டி நின்றது சட்டத்தால் மட்டுமன்று. பெரியவர்களின் கூலி உயர்ந்ததும், ஆபீஸ்களில் இயந்திரம் வந்ததும், பக்கத்து ஊரில் பள்ளி வந்ததும், ரேஷன் அரிசி கிடைத்ததும் ஒருசேர நடந்ததால் நின்றது.

பெண்களின் விஷயம் தனியே பேசத்தக்கது. ஏனெனில் கிராமத்துக் குடும்பத்தின் கணக்கில் பெண்ணின் படிப்பு செலவாகவும், அதன் லாபம் வேறொரு வீட்டுக்குப் போவதாகவுமே எழுதப்பட்டிருந்தது. ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடியும். உயர்நிலைப் பள்ளி நாலைந்து மைலில் இருக்கும். பஸ் ஒன்றே, அதுவும் மாலையில் வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை. வயதுக்கு வந்த பெண் அந்தப் பாதையில் நடந்து வருவதைத் தகப்பன் விரும்பமாட்டான். இலவச பஸ் பாஸும், 2001 முதல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கும் பின்னர் எல்லோருக்கும் தந்த சைக்கிளும் இந்தத் தூரத்தைச் சுருக்கின. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிற்று என்று ஆராய்ந்தோர் கண்டனர். பள்ளிக்குத் தூரமான ஊர்களிலேயே பயன் மிகுதி. அதற்கு முன்னரே, 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் பழகினர். ஆண்கள் கேலி செய்தனர், பெண்கள் நிறுத்தவில்லை. கல்குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டன. தாம் எடுத்த குத்தகையின் வரவு செலவைத் தாமே எழுதியறிய உதவும் எழுத்து எத்தகைய கல்வி என்பதை அந்தப் பெண்களிடம் கேட்டறியவேண்டும்.

இங்கே ஒரு விநோதமான கொள்கையையும் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கலியாணத்துக்குப் பணம் தந்தது. பின்னர் நிபந்தனை பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. கல்வியைக் கலியாணத்தோடு முடிச்சிடுவது முற்போக்குக்கு அடுக்காது என்று பட்டணத்தில் இருந்தோர் சிலர் முகம் சுளித்தனர். கணக்கு வைத்திருந்த தாயோ, இன்னும் இரண்டு வருஷம் படித்தால் தொகை கிடைக்கும் என்று மகளைப் பள்ளியில் வைத்தாள். 2022இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பணம் கலியாண மேடையிலிருந்து கல்லூரி வாசலுக்கு நகர்ந்திருக்கிறது; நல்ல நகர்வு. இதே காலத்தில் தென் மாவட்டத்துப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்கு அழைத்துச் சென்று, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டமும் அந்தக் கலியாணக் கணக்கையே நம்பி வளர்ந்தது என்பதை மறக்கலாகாது. சர்க்காரும் ஆலைக்காரரும் ஒரே பெண்ணுக்காகப் போட்டியிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை செலவின் பலன் யாது? தமிழ்நாட்டில் எழுத்தறிவு 1991இல் நூற்றுக்கு 62.66 ஆக இருந்து, 2001இல் 73.45 ஆகி, 2011இல் 80.09 ஆயிற்று. குழந்தைப் பேறு ஒரு பெண்ணுக்கு 1.8 என்ற அளவுக்கு இறங்கிற்று. படித்த தாய் குறைவாகப் பெற்றாள், பெற்றதைக் காப்பாற்றினாள். நீதி ஆயோக் பல அம்சங்களைச் சேர்த்து வறுமையை அளந்தபோது, 2019–21இல் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 15 பேர் ஏழைகள், தமிழ்நாட்டில் 2.2 பேரே. இவை யாவும் பள்ளிக்கூடத்தின் சாதனை என்று சொல்வது பேதைமை. சாலையும் மின்சாரமும் ரேஷனும் நூறு நாள் வேலையும் ஆலைத் தொழிலும் இதில் பங்காளிகள். பள்ளியின் பங்கை மட்டும் பிரித்தெடுத்து அளந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. இந்தோனேசியாவில் 1973 முதல் 1978 வரையில் எண்ணெய் வருமானத்தைக்கொண்டு 61,000க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை அந்நாட்டுச் சர்க்கார், பிள்ளைகள் படிக்காத ஜில்லாக்களுக்கு முதலிடம் தந்து கட்டிற்று. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ அப்பள்ளிகளில் படித்த தலைமுறையின் வருமானத்தை ஆராய்ந்து, ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடியதால் கூலி நூற்றுக்கு 1.5 முதல் 2.7 வரை உயர்ந்தது என்று 2001இல் வெளியிட்டார். இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஓர் ஆயுட்காலத்தின் ஒவ்வொரு சம்பளத்திலும் அது கூடிவருவதை நினைத்துக்கொள்ளவேண்டும்.

கொள்கை ஒரு சமூகத்தைத் தொடாமல் விட்டால் என்னவாகும் என்பதைக் காண இலங்கை மலையகத்துக்குப் போகவேண்டும். கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் அந்தத் தீவின் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரையில் கதவைத் திறந்தது. அதன் பயனாய் ஏழை நாடொன்று எழுத்தறிவிலும் ஆரோக்கியத்திலும் ஆசியாவே வியக்கும் நிலையை எய்திற்று. ஆனால் அந்நாட்டின் தேயிலையைப் பறித்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் இருந்தனர். அது தோட்டத்து நிர்வாகத்தின் பொறுப்பு. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. கொழுந்து பறிக்க ஆள் வேண்டியவரிடமே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் தந்தால் அவர் எவ்வளவு தூரம் படிக்கவைப்பார்? 1970களில் தோட்டங்களைத் தேசவுடைமையாக்கியபின்தான் அப்பள்ளிகளும் சர்க்காருக்கு வந்தன. ஒரே தீவில், ஒரே கொள்கையின் கீழ், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை முப்பது ஆண்டு பின்தங்கிற்று. அந்த இடைவெளி இன்றும் முற்றிலும் அடைபடவில்லை.

இனி, நம் வெற்றியின் மறுபக்கம். பிள்ளை பள்ளிக்கு வந்தாயிற்று. அங்கே கற்றது என்ன என்ற கேள்வியை நாம் நெடுநாள் கேட்கவில்லை. 2007 அளவில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, ஆசிரியர் நாற்காலியைவிட்டு இறங்கித் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அட்டைகளும் சுவரின் தாழ்ந்த கரும்பலகைகளும் வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றின. அதில் பயனும் இருந்தது. இருப்பினும் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் 'ஏசர்' கணக்கெடுப்பில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டின்றி வாசிப்போர் சிறுபான்மையினரே என்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. இதனைச் சற்றே வசதியுள்ள குடும்பங்கள் கணக்கெடுப்பு இல்லாமலே அறிந்துகொண்டன. மஞ்சள் வேன் ஒன்று ஊருக்குள் வரத் தொடங்கிற்று. பஞ்சாயத்துத் தலைவரின் பிள்ளையும், ஆசிரியரின் பிள்ளையும்கூட, அதில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போயின. ஊர்ப் பள்ளியில் மிஞ்சியவை வேன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். 1958இல் பெஞ்சும் கடிகாரமும் கொடுத்த ஊர், பள்ளி தன்னுடையது என்ற எண்ணத்தை இழந்தது இவ்விதமாகத்தான்.

மேற்படிப்பிலும் இதே கதை. 2021–22இல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தேசத்தில் 28.4, தமிழ்நாட்டில் 47. இது பெருமைக்குரியது. இட ஒதுக்கீடும், 1980களின் நடுவிலிருந்து பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும், நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டமும், 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தந்த கட்டணச் சலுகையும் கூலிக்காரர் வீட்டில் இன்ஜினீயரை உண்டாக்கின. ஆனால் எல்லாக் கல்லூரிகளும் கல்வி தரவில்லை. கல்விக் கடனில் பி.இ. முடித்து, பட்டணத்தில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞனின் தாய், ஆட்டையும் விற்று நகையையும் அடகு வைத்தவள். அவள் கணக்கில் சர்க்கார் என்ன எழுதப்போகிறது? 2017இல் 'நீட்' நுழைவுத் தேர்வு வந்தபின் வைத்தியப் படிப்பு தனிப் பயிற்சி நிலையத்தின் கட்டணத்தோடு பிணைந்துவிட்டது, ஏ. கே. ராஜன் குழு 2021இல் அதன் பாரபட்சத்தை எடுத்துக் காட்டிற்று. 2020இல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு ஒதுக்கிய 7.5 விழுக்காடு சில நூறு குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வழி திறந்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாகக் குடும்பத்தின் பேரேட்டிலிருந்து சம்பளத்தையும் சோற்றையும் தூரத்தையும் அடித்துவந்தோம். அதே பேரேட்டில் இப்போது டியூஷன், வேன், கோச்சிங் என்று புதுப் பத்திகள் ஏறுகின்றன. முன்பு பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் செலவைச் சர்க்கார் ஏற்றது. இப்போது கற்பிக்கும் செலவைக் குடும்பத்தின் தலையில் இறக்கிவிட்டது என்பதே இதன் தாத்பரியம்.

படித்தவர் ஊரைவிட்டுப் போவதைக் குறையாகச் சொல்வோர் உளர். அதில் எனக்கு உடன்பாடில்லை. மானாவாரிக் காட்டில் மகன் இருந்து செய்யத்தக்கது அதிகமில்லை. அவன் திருப்பூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அனுப்பும் பணமே ஊரில் காரை வீடாக எழுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2011இல் கன்னியாகுமரியில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75; தருமபுரியில் 68.54. ஒரே சர்க்காரின் ஒரே கொள்கைக்கு இரு மாவட்டங்களில் இத்தனை வித்தியாசம் ஏன் என்றால், ஒன்றில் மிஷனரிகளும் திருவிதாங்கூர் ராஜ்யமும் நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டனர்; மற்றொன்றில் மலைக்கிராமப் பள்ளிக்கு மாற்றலாகும் ஆசிரியர், வந்த அன்றே சமவெளிக்குத் திரும்பும் மாற்றலுக்கு மனு எழுதுகிறார். புதிய திட்டங்களை அறிவிப்பதைக் காட்டிலும், அத்தகைய பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பி, அவர் அங்கேயே தங்க வீடும் அதிகப்படியும் தருவது முதற் கடமை என்பது என் அபிப்பிராயம். அது விளம்பரத்துக்கு ஏற்ற காரியமன்று, அதனாலேயே தாமதப்படுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் ஒரு மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. பல ஊர்களில் அது கையெழுத்தோடு முடிகிறது. கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் வேனில் போய்விட்டதால், கேட்பாரில்லை. இதை வாசிக்கும் தாங்கள் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவராயின், தங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்காவிட்டாலும், அக்குழு கூடும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிந்து அங்கே போய் உட்காருங்கள்; மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்; அவன் வாசிக்க முடியாவிட்டால், காரணத்தை அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்.